அட்டைப் பெட்டிக்குள் அழுத பூமாதேவி

முத்தியால்பேட்டை சுண்ணாம்புக்காரத் தெருவில் பூமிக்கு உடம்பு சரியில்லாமல் போனது போன ஆடி மாதம். உங்களுக்குத் தெரிந்திருக்காது. அந்தத் தெருவிலேயே குடியிருக்கிற எங்களுக்கும் தெரியாது. பூநாடி சித்தர் வந்து சொன்ன பிறகுதான் தெரிந்தது.

சித்தர் சும்மா வந்த ஆள் இல்லை. ஸ்டெதஸ்கோப்போடு வந்தார். கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் மனிதர்களின் நெஞ்சில் வைத்துப் பார்ப்பதை இவர் தரையில் வைத்துப் பார்த்தார். புலித்தோல் படம் அச்சடித்த பிளாஸ்டிக் பாயில் சம்மணம் போட்டு உட்காருவார். குழாயின் வட்டமான நுனியைத் தார் ரோட்டில் அழுத்துவார். பக்கத்தில் காவித்துணி போர்த்திய ஒரு ஸ்பீக்கர் பெட்டி. அதிலிருந்து ஊருக்கே கேட்கும்: லப், டப். லப், டப்.

முதல் நாள் அந்தச் சத்தத்தைக் கேட்டதும் கூட்டம் மொத்தமாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா வீட்டுப் பெரியவர்கூடத் தடியை ஊன்றிக்கொண்டு வந்து, "மோன் தியே!" என்று பிரெஞ்சில் கடவுளைக் கூப்பிட்டு வாயைப் பிளந்தார். நாற்பது வருடம் துப்பாக்கி பிடித்த மனிதர். அவரே பிளந்த பிறகு மற்றவர்கள் மூடிக்கொண்டா இருப்பார்கள்?

காலை ஐந்து மணிக்கெல்லாம் டோக்கன். அரியாங்குப்பத்திலிருந்து ஆற்றுப் பாலம் தாண்டி பைக்கில் வந்தார்கள். சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்து, டவுனுக்கு வேலைக்கு வருகிறவர்கள் வேலையை விட்டுவிட்டு வந்தார்கள். தன் வயலில் தண்ணீர் ஓடுவதைக் கேட்க ஒருவர் வயல் மண்ணைத் துண்டில் முடிந்துகொண்டு வந்திருந்தார். சித்தர் அந்த மூட்டையிலும் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். லப், டப். ஒரு படி மண்ணுக்குக்கூட இதயம் இருந்தது.

என் மேலும் தப்பு இருக்கிறது, ஒப்புக்கொண்டு விடுகிறேன். தெரு முனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். சித்தரின் நோட்டீஸை அடித்துக் கொடுத்தது நான்தான். 'பாரீசில் பூமியின் நாடி பார்த்தவர்' என்று ஒரு வரி இருந்தது. "பாரீஸ்ல எந்தத் தெருங்க?" என்று கேட்டேன். "எல்லாத் தெருவும்" என்றார். அவ்வளவு தெளிவான பதிலுக்கு மேல் என்ன கேட்பது? அடித்துவிட்டேன்.

விஷயம் இதுதான். ஆறு மாதமாக எங்கள் தெருவின் போர் தண்ணீர் உப்புக் கரித்தது. டீக்கடை மண்ணாங்கட்டி சர்க்கரையைக் கூட்டிக் கூட்டிப் போட்டும் அவன் டீயில் கருவாட்டு வாசனை போகவில்லை. சித்தர் தரையில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "பூமாதேவி அழுவுறா. அது கண்ணீரு. கண்ணீருன்னா உப்பாத்தான இருக்கும்?"

கூட்டம் ஒரே குரலில் ஆமோதித்தது. உப்பு எங்கிருந்து வந்தது என்று ஆறு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டவர்களுக்கு ஆறே வினாடியில் விடை கிடைத்துவிட்டது. கிழக்கே பத்து நிமிடம் நடந்தால் ஒரு கடல் இருக்கிறதே, அது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

பரிகாரம் இரண்டு. ஒன்று, சித்தர் மந்திரித்த செப்புத் தகட்டைப் போர் குழாய்க்குப் பக்கத்தில் புதைக்க வேண்டும். தகடு இருக்கிற இடத்தில் பூமாதேவியின் அழுகை நின்றுவிடும். இரண்டு, அவள் காயம் ஆறும்வரை சொந்தத் தண்ணீரைத் தொடாமல் 'சாந்தி நீர்' மட்டுமே குடிக்க வேண்டும். சாந்தி நீர் என்பது சித்தர் ஊதிக் கொடுத்த கேன் தண்ணீர். கேன் வந்த இடம், தெருவின் கிழக்குக் கோடியில் இருக்கும் புருஷோத்தமனின் தண்ணீர் கம்பெனி. சித்தருக்குத் தங்க இடம் கொடுத்ததும், பந்தல் போட்டதும் அதே புருஷோத்தமன்தான். பக்திமான்.

என் மனைவி மாலாவும் ஒரு தகடு வாங்கி வந்து மோட்டார் பக்கத்தில் புதைத்தாள். நான் சிரித்தேன்.

"உங்களுக்கு எல்லாமே கிண்டல்தான். நோட்டீஸ் அடிச்சது யாரு? அடிக்கும்போது சிரிக்கல, பொதைக்கும்போது மட்டும் சிரிப்பு வருதா?" என்றாள்.

அதற்குமேல் நான் சிரிக்கவில்லை.

"காயம்னா, யார் சாமி பண்ணது?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள். சித்தர் மூன்று நாள் கெடு வாங்கிக்கொண்டு மூன்றாம் நாள் கண்டுபிடித்துச் சொன்னார்: "இந்தத் தெருவுல ஒரு எடத்துல பூமாதேவியக் கத்தியால ரெண்டாப் பொளந்திருக்காங்க. படிப்பு சொல்லிக் குடுக்கற எடம்."

தெருவில் படிப்பு சொல்லிக் கொடுக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவர் சிவசங்கரி டீச்சர். அரியாங்குப்பத்திலிருந்து தினமும் மொபெட்டில் வருவார். இரண்டு வருடமாகத் தற்காலிக வேலை. இந்த வருடம் நிரந்தர உத்தரவு வர வேண்டும். வீட்டு வாடகை, அம்மாவின் மருந்து எல்லாம் அந்தச் சம்பளத்தில்தான். பூமியைப் பற்றிய பாடத்தைப் படித்து ஒப்பிக்க வைக்காமல், 'செஞ்சு பாத்தாத்தான் புத்தியில நிக்கும்' என்று பிள்ளைகளைக் காகிதத்தில் பூமி செய்ய வைத்தார். அந்தக் காகிதமெல்லாம் என் கடையிலிருந்துதான் போனது.

சிவப்புக் காகிதத்தைக் கசக்கி ஒரு கோலிக்குண்டு. அது பூமியின் நட்டநடு, கொதிக்கிற இடம். அதன்மேல் ஆரஞ்சுக் காகிதக் கூழ். அதன்மேல் தடியாக மஞ்சள். எல்லாவற்றுக்கும் மேலே வெங்காயத் தோல்போல மெல்லிசாக ஒரு பழுப்புக் காகிதம். "நாம நிக்கறது, வீடு கட்டறது, சண்டை போடறது எல்லாம் இந்தத் தோலு மேலதான்" என்பார் டீச்சர். காய்ந்த பிறகு பேப்பர் வெட்டுகிற கத்தியால் சரிபாதியாக அறுத்தால் உள்ளே அடுக்கு அடுக்காகத் தெரியும். முப்பத்திரண்டு பிள்ளைகள், முப்பத்திரண்டு பூமி. பதினாறு அறுத்தாயிற்று. பதினாறு தாழ்வாரத்தில் காய்ந்துகொண்டிருந்தன.

இன்னொன்றும் செய்தார்கள். நீளமான அட்டையில் எங்கள் தெருவையே செய்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் போர் எத்தனை அடி என்று கேட்டு அந்த அளவுக்கு ஒரு காகிதப் பட்டை. மணலுக்கு மஞ்சள், களிமண்ணுக்குப் பழுப்பு. அடியில் தண்ணீர். நல்ல தண்ணீருக்கு நீலம், உப்புத் தண்ணீருக்கு ரோஸ். பிள்ளைகள் வீட்டுக்கு ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுவர, பேனா மாதிரி ஒரு கருவியை முக்கி உப்பை அளந்து ஒட்டினார்கள். ஒட்டி முடித்துத் தள்ளி நின்று பார்த்தால், மேற்கே நீலமாக ஆரம்பித்த தெரு கிழக்கே போகப் போக ரோஸாகி, புருஷோத்தமன் கம்பெனி வாசலில் துளி நீலம்கூட இல்லாமல் ரோஸாக நின்றது.

இதையெல்லாம் வைத்துப் பள்ளியில் நடத்திய கண்காட்சிக்கு ரிப்பன் வெட்ட வந்தவர், பள்ளிக் கமிட்டித் தலைவர் என்ற முறையில், அதே புருஷோத்தமன். அந்த அட்டைத் தெருவின் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். காபிகூடக் குடிக்காமல் போனார். அடுத்த வாரம் சித்தர் வந்து இறங்கினார். நான் எதையும் சொல்லவில்லை. எது முந்தி, எது பிந்தி என்று மட்டும் சொல்கிறேன்.

மூன்றாம் நாள் ஊர்வலம் மேளத்தோடு பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தது. அறுத்து வைத்த காகித பூமி ஒன்றில் சித்தர் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். ஸ்பீக்கரில் லப் டப் நின்றது. அப்புறம் ஒரு விசும்பல். மெதுவாக, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஒரு பெண் அழுகிற சத்தம்.

பத்துப் பெண்கள் கூடவே அழுதார்கள். எனக்கும் ஒரு மாதிரி இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

"ஒரு கக்கூஸ் கட்டறதுன்னாக்கூட நாம பூமி பூஜை போட்டுட்டுத்தான கடப்பாரையத் தொடறோம்?" என்று கேட்டார் சித்தர். "இந்தப் பொண்ணு மொத்த பூமியவே பொளந்திருக்கு. பூஜை போட்டுச்சா? கேளுங்க!"

எல்லோரும் டீச்சரைப் பார்த்தார்கள். தலைமை ஆசிரியை நிர்மலாதேவி, நல்ல மனுஷிதான், சண்டை என்றால் மட்டும் ஆகாது, டீச்சரின் காதருகே குனிந்தார். "ஏம்மா, ஒரு சின்ன பூஜையப் போட்டுட்டு வெட்டியிருக்கலாமில்ல?"

"பேப்பர் உருண்டைக்கா மேடம்?"

"ஒரு எலுமிச்சம்பழம், ஒரு சூடம். இன்னா கொறஞ்சிடப்போவுது?"

புருஷோத்தமன் தீர்ப்பைச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பள்ளி மைதானத்தில் பூமி சாந்தி யாகம். காகித பூமி அத்தனையும், அந்த அட்டைத் தெருவும், யாக குண்டத்தில் போட்டுக் கொளுத்தப்படும். டீச்சர் ஊர் முன்னால் மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் நிரந்தர உத்தரவு கிடையாது, திங்கட்கிழமை முதல் வேலையும் கிடையாது.

"அந்த அட்டைத் தெரு என்னாங்க பாவம் பண்ணுச்சு? அதை யாரும் வெட்டலையே?" என்றார் டீச்சர்.

"அது உள்ள இருக்கறத வெளிய காட்டுது. அது அதவிடப் பாவம்" என்றார் புருஷோத்தமன். அந்த மனிதர் அந்த வாரம் முழுவதிலும் பேசிய ஒரே உண்மை அதுதான்.

சனிக்கிழமை சாயங்காலம் டீச்சர் என் கடைக்கு வந்தார், மன்னிப்புக் கடிதம் அடிக்க. முகம் வாடியிருந்தது. அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். 'பூமாதேவியை முன் அனுமதியின்றி வெட்டியது என் தவறு' என்று வந்ததும் என் கை நின்றது. எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தப் பூமியில் பாதி என் கடைக் காகிதம்.

"முன் அனுமதின்னா யாருகிட்டம்மா?" என்றேன்.

டீச்சர் சிரித்துவிட்டார். பிறகு சட்டென்று நிறுத்தினார். "அண்ணே, அன்னிக்கு நீங்களும் இருந்தீங்க இல்ல? வெட்டின பூமி அழுதுச்சா?"

"அழுதுச்சும்மா. இந்தக் காதாலதான் கேட்டேன்."

"வெட்டாத பூமி பதினாறு பக்கத்துலயே காஞ்சுது. அது?"

யோசித்தேன். "அதுல அவுரு வெச்சே பாக்கலியே."

"அதான் அண்ணே. வெச்சே பாக்கல. நாமளும் வெச்சுப் பாருங்கன்னு கேக்கல." பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "லெட்டர அடிச்சு வெச்சிடுங்க. நாளைக்கி நான் தோத்தா கையெழுத்துப் போட்டுடறேன்."

அங்கிருந்து நேராக எதிர்ச் சாரியில் இருக்கும் அன்வருதீன் பாயின் பட்டறைக்குப் போனார். அட்டைப் பெட்டி செய்கிற பட்டறை. முத்தியால்பேட்டையில் யார் வீட்டுக் கல்யாணத்துக்கு லட்டுப் பெட்டி வேண்டுமென்றாலும் பாய்தான். அங்கே கால் மணி நேரம் பேசினார்கள். பிறகு டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்து மாலாவிடமும் என்னவோ பேசினார். என்னவென்று மாலா என்னிடம் சொல்லவில்லை. நோட்டீஸ் அடித்தவனிடம் என்ன சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் எள் போட இடமில்லை. யாக குண்டம் தயார். பக்கத்தில் காகித பூமிகள் குவியலாக. அட்டைத் தெரு சுவரில் சாய்ந்து நின்றது. புருஷோத்தமன் கம்பெனி ஆட்கள் கூட்டத்துக்குச் சாந்தி நீர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மண்ணாங்கட்டி டீ டிரம்மோடு சுற்றிக்கொண்டிருந்தான்.

டீச்சர் மைக்கை வாங்கினார். "நான் மன்னிப்புக் கேக்கத்தான் வந்திருக்கேன். அதுக்கு முன்னாடி ஒரு ஆசை. பூமாதேவி அழறத இன்னொரு தடவ இந்த ஊரு கேக்கணும். சாமி, அஞ்சு பெட்டி வெக்கிறோம். நாலுல வெட்டாத பூமி, ஒண்ணுல வெட்டின பூமி. எது அழுவுதுன்னு நீங்க சொல்லணும். அஞ்சு தடவ. சொல்லிட்டா நானே என் கையால எல்லாத்தையும் நெருப்புல போடறேன்."

சித்தர் முகத்தில் லேசாக ஒரு மேகம் ஓடியது. கூட்டம் அவரை யோசிக்க விடவில்லை. "நம்ம சாமிக்கு இதெல்லாம் ஜுஜுபி!" என்று யாரோ கத்த, விசில் பறந்தது. பக்தர்களால் ஒரு சாமிக்கு வருகிற ஆபத்து எதிரியால் வராது.

ஏற்பாடு இப்படி. வகுப்பறைக்குள் பாயும் நிர்மலாதேவியும் பெட்டிகளை நிரப்பி, மூடி, மேஜையில் வரிசையாக வைத்துவிட்டுப் பின்பக்கக் கதவு வழியாகப் போய்விடுவார்கள். சொல்தா வீட்டுப் பெரியவர் காவலுக்குக் கூட வர, நானும் இன்னொருவரும் முன்பக்கமாக நுழைந்து, மேஜையை அப்படியே தூக்கி வெளியே கொண்டுவருவோம். எதில் எது என்று எங்களுக்குத் தெரியாது. மைதானத்தில் நிற்கும் டீச்சருக்கும் தெரியாது. யார் முகத்தைப் பார்த்தும் யாரும் கண்டுபிடிக்க முடியாது.

முதல் சுற்று. சித்தர் ஐந்து பெட்டியிலும் குழாயை வைத்தார். லப் டப், லப் டப். நாலாவது பெட்டியில் விசும்பல். "இதான்!" என்றார்.

திறப்பதற்கு முன் டீச்சர் மண்ணாங்கட்டியைக் கூப்பிட்டார். "அண்ணே, நீங்களும் ஒண்ணத் தொடுங்க."

"எனக்கு இன்னா தெரியும் டீச்சர்?"

"ஒண்ணும் தெரியவாணாம். சும்மா தொடுங்க."

அவன் கையிலிருந்த டம்ளரை வைக்கக்கூட இல்லை. முழங்கையால் ஓரத்துப் பெட்டி ஒன்றை இடித்துக் காட்டினான்.

நாலாவது பெட்டியில் இருந்தது முழு பூமி. கீறல்கூட இல்லை. வெட்டின பூமி இரண்டாவது பெட்டியில் சத்தமில்லாமல் கிடந்தது.

சித்தர் அசரவில்லை. "வெட்டுப்பட்டவ மயங்கிட்டா. கூடப் பொறந்தவளுங்க அவளப் பாத்து அழறாளுங்க."

"ஆமா, சொந்தபந்தம்னா அழாதா?" என்றது கூட்டம். பூமிக்கு எத்தனை கூடப் பிறந்தவர்கள் என்று யாரும் கேட்கவில்லை.

இரண்டாவது சுற்றில் சித்தர் தொட்டது சரியாகவே இருந்தது. மைதானம் அதிர்ந்தது. ஒரு பத்தாயிரம் வாலா வெடித்தது. மாலை ஒன்று பறந்து வந்து அவர் கழுத்தில் விழுந்தது. மண்ணாங்கட்டி தொட்டதும் அதே பெட்டிதான். அவனுக்கு யாரும் மாலை போடவில்லை. நான் டீச்சரைப் பார்த்தேன். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். என் சட்டைப் பையில் அந்தக் கடிதம் கனத்தது.

மூன்றாவது சுற்றில் தப்பு. "யாரோ செருப்போட நிக்கிறான்" என்றார் சித்தர். ஆயிரம் பேர் செருப்பைக் கழற்றினார்கள். வீட்டுக்குப் போகும்போது பாதிப்பேர் அடுத்தவன் செருப்பைப் போட்டுக்கொண்டு போனது தனிக் கதை. அந்தச் சுற்றில் மண்ணாங்கட்டி தொட்டது சரி.

நாலாவது சுற்றிலும் தப்பு. மண்ணாங்கட்டி தொட்டதும் தப்பு. சித்தருக்கு வேர்த்துவிட்டது. "இந்தப் பெட்டிங்க யார் கை பட்டது? பாய் செஞ்ச பெட்டி. அதுல எப்படி பூமாதேவி பேசுவா?"

எனக்கு வந்த கோபத்தில் மேஜையைத் தூக்கி அடித்திருப்பேன். அதற்குள் கோயில் குருக்கள் வீட்டு அம்மாளே முன்னால் வந்துவிட்டார். "நம்ம அம்மன் கோயிலு பிரசாதப் பெட்டியே இருவது வருசமா பாய்தான் செஞ்சு தராரு. அம்மனே ஒண்ணும் சொல்லல. உனக்கு என்னாய்யா வந்துச்சு?"

முதன்முறையாகக் கூட்டத்தில் யாரோ சித்தரை 'ய்யா' போட்டுப் பேசியிருந்தார்கள்.

ஐந்தாவது சுற்று. சித்தருக்கு இது வாழ்வா சாவா. ஒவ்வொரு பெட்டியிலும் குழாயை வைத்துக் கண்ணை மூடி, ரொம்ப நேரம் கேட்டார். மூன்றாவது பெட்டியில் வைத்ததும் ஸ்பீக்கர் ஓவென்று அலறியது. முன்பு கேட்ட விசும்பல் இல்லை. ஒப்பாரி. சித்தரே தேம்பினார். "தாயே! இவ்ளோ வலியா தாயே! இதான், இதுலதான் இருக்கா!"

"சந்தேகமில்லையே சாமி?" என்றார் டீச்சர்.

"என் உசுரு மேல ஆணை!"

"மண்ணாங்கட்டி அண்ணே, நீங்க?"

"எனக்கு எதுவும் தோணல டீச்சர். டீ ஆறுது."

மாலா முன்னால் வந்து மூன்றாவது பெட்டியைத் திறந்தாள். உள்ளே கைவிட்டு எடுத்து உயர்த்திப் பிடித்தாள். மண் ஒட்டிய ஒரு செப்புத் தகடு.

"இது நாங்க மோட்டார்கிட்ட பொதைச்ச தகடு" என்றாள். "நேத்துதான் தோண்டி எடுத்துக் குடுத்தோம். இது இருக்கற எடத்துல அழுகை நின்னுடும்னு சொன்னியே. இப்ப இதுவே இந்த அழுவு அழுவுதே, இதுக்கு எந்தத் தகட்டப் பொதைக்கறது?"

இருபத்திரண்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் என் மனைவியை நினைத்து அவ்வளவு பெருமைப்பட்டதில்லை.

டீச்சர் மற்ற நாலு பெட்டிகளையும் திறந்து காட்டினார். நாலிலும் அதே மாதிரித் தகடு, அக்கம்பக்கத்து வீடுகளில் மாலா கேட்டு வாங்கியது. "இந்தச் சுத்துல பூமியே வெக்கல சாமி. எந்தப் பெட்டியத் தொட்டிருந்தாலும் உங்க தகடுதான் அழுதிருக்கும்."

சித்தர் எழுந்து நின்றுவிட்டார். ஸ்டெதஸ்கோப் கழுத்திலிருந்து அந்தரத்தில் தொங்கியது. எதன்மேலும் படவில்லை. ஆனால் ஸ்பீக்கரில் ஒப்பாரி மட்டும் நிற்கவே இல்லை.

அன்வருதீன் பாய் வகுப்பறைக்குள்ளிருந்து வந்து பொறுமையாகக் கேட்டார். "இப்ப அழறது யாருங்க? உங்க மாலையா?"

சித்தர் பதறி இடுப்பைத் தடவினார். காவி வேட்டியின் மடிப்பிலிருந்து ஒரு போன் நழுவிச் சொல்தா பெரியவரின் காலடியில் விழுந்தது. பெரியவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ராணுவக் குரலில், திரையில் இருந்ததை வரிசையாக வாசித்தார்: "துடிப்பு. அழுகை சின்னது. அழுகை பெருசு." கடைசியில் தன் பங்குக்கு, "மெர்தே!" என்றார். அதற்கு அர்த்தம் எனக்குத் தெரியும், இங்கே எழுத மாட்டேன்.

சிரிப்பு எங்கிருந்தோ ஆரம்பித்து மைதானம் முழுக்கப் பரவியது. வெடி வெடித்தவர் காகிதக் குப்பையைப் பார்த்துக்கொண்டு சிரிக்காமல் நின்றார். சித்தர் சந்து பார்த்து ஓட, புலித்தோல் பாய் மட்டும் எங்களிடம் மிஞ்சியது.

புருஷோத்தமன் ஓடவில்லை. பெரிய மனிதர்கள் ஓட மாட்டார்கள், நகர்வார்கள். நகர்ந்தவரை டீச்சர் நிறுத்தினார். "சார், ஒரு நிமிஷம் இருங்க. பாடம் இன்னும் முடியல."

அட்டைத் தெருவைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினார். "கடலுக்குக் கிட்ட பூமிக்கு அடியில நல்ல தண்ணியும் கடல் தண்ணியும் ஒண்ண ஒண்ணு தள்ளிக்கிட்டு நிக்குது. நல்ல தண்ணி நெறைய இருந்தா கடல் வெளிய நிக்கும். ஒரே எடத்துல ராத்திரி பகலா உறிஞ்சினா அந்த எடம் காலியாவும். காலியான எடத்துக்குக் கடல் உள்ள வரும். எங்க ரொம்ப ரோஸா இருக்குன்னு நீங்களே பாத்துக்குங்க. நான் எதையும் சொல்லல. பிள்ளைங்க ஒட்டினத காட்டறேன்."

கையில் சாந்தி நீர் வைத்திருந்தவர்கள் டம்ளரை ஒருமுறை பார்த்தார்கள், தெருவின் கிழக்குக் கோடியை ஒருமுறை பார்த்தார்கள். தங்கள் தண்ணீரையே உறிஞ்சி, தங்களுக்கே ஊதிக் கொடுத்திருக்கிறார்கள் என்பது மெல்ல மெல்ல உள்ளே இறங்கியது.

"எல்லாருந்தான் மோட்டாரு போடறாங்க" என்றார் புருஷோத்தமன். குரல் கீழே போயிருந்தது.

"போடறோம். நாங்க காலையில அர மணி. நீ?" என்றாள் மாலா.

நிர்மலாதேவி மேடம் என்னிடம் வந்து கையை நீட்டினார். கடிதத்தைக் கொடுத்தேன். படித்தார். 'முன் அனுமதியின்றி' என்ற இடத்தில் அவர் உதடு துடித்தது, சிரிப்பா வெட்கமா தெரியவில்லை. நாலாகக் கிழித்து டீச்சர் கையில் வைத்தார். "நாளைக்கி எட்டரைக்கு வந்துடும்மா. மீதிப் பதினாறையும் பிள்ளைங்க வெட்டணுமில்ல? உத்தரவு லெட்டர நான் கமிட்டியில பேசி வாங்கறேன். சண்டை போட்டாவது வாங்கறேன்."

டீச்சர் கிழிந்த காகிதத்தைப் பையில் போட்டுக்கொண்டார். காகிதக் கூழுக்கு ஆகும்.

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்கும் சந்தோஷம்தான். தண்ணீர் இன்னும் உப்புதான். ஒரு மழைக்காலம் போதாது என்கிறார் டீச்சர். கம்பெனி மோட்டாருக்கு நேரம் குறிக்கச் சொல்லித் தெருவே கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்திருக்கிறோம். ஆனால் அன்று மைதானத்திலேயே இன்னொன்று நடந்தது.

கூட்டம் கலையும் நேரம். அரியாங்குப்பத்திலிருந்து வந்திருந்த ஓர் அம்மாள் விரலைவிட்டு எண்ணிக்கொண்டிருந்தார். "நாலு சுத்துல அந்தாளு சரியா சொன்னது ஒண்ணு. டீக்காரரு சொன்னது ரெண்டு." சட்டென்று ஓடிப்போய் மண்ணாங்கட்டியின் காலில் விழுந்தார். "சாமி! எம் மவளுக்கு எப்ப சாமி கல்யாணம் ஆவும்?"

மண்ணாங்கட்டி கையிலிருந்த டம்ளர் தெறித்தது. "எழுந்திரும்மா! நான் டீ விக்கறவன்!"

"அடக்கத்தப் பாத்தியா!" என்றார் பின்னால் நின்றவர். அவருக்குப் பின்னால் ஒருவர், அவருக்குப் பின்னால் இன்னொருவர். கண் மூடித் திறப்பதற்குள் வரிசை நின்றுவிட்டது. துண்டில் மண் முடிந்து வந்த ஆளும் வரிசையில் இருந்தார். மண்ணாங்கட்டி டீ டிரம்மைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு மேஜையின் மேல் ஏறினான். பதினைந்து வருடமாக அவனைத் தெரியும். அவ்வளவு சத்தமாக அவன் பேசி நான் கேட்டதில்லை.

"யோவ்! பெட்டிக்குள்ள இன்னா இருக்குன்னு தெரியணும்னா மூடியத் தொறந்து பாருங்கய்யா! அதுக்கு எதுக்கு ஒரு சாமி?"

கழுத்துக்கு மேலேயும் நாம் எல்லோரும் ஆளுக்கொரு பெட்டி வைத்திருக்கிறோம். அதையும் திறந்தால் தேவலை. அதற்குக் கத்தி தேவையில்லை, பூஜையும் தேவையில்லை.